நாற்பது மீட்டரில் தங்கபுஷ்பம்

எங்கள் நெடுவிளை ரேடியோ கிளப்பின் ஆண்டு விழா அன்று, பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, ரெண்டு பனைமரத்துக்கு நடுவில் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டி, ஜெனரேட்டரை ஓடவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கேசரியும் மிக்சரும் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில், என் குரல் என் தொண்டையை விட்டுக் கிளம்பி, கம்பி வழியாக ஏறி, ஆகாயத்துக்குப் போய், அங்கேயே இருந்துவிட்டது. கேசரிக்கு நெய் போதாது என்று எல்லாரும் சொன்னார்கள். இந்த ரெண்டும்தான் அந்த வருஷத்து விழாவைப் பற்றி ஊரில் பேசப்பட்டது.

அரசாங்கத்துக்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டில் ஒரு செட்டும் மாடியில் ஒரு கம்பியும் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்திராத ஆட்களோடு ஆகாயத்தில் பேசுகிறவர்கள் எங்கள் ஊரில் ஒரு கை விரலுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தார்கள். அவர்கள் ஆகாயத்தில் வியாபாரம் பேசக்கூடாது, அரசியல் பேசக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது. அப்புறம் என்னதான் பேசுவார்கள் என்றால், 'நான் பேசுவது உங்களுக்கு எப்படிக் கேட்கிறது, நீங்கள் பேசுவது எனக்கு இப்படிக் கேட்கிறது' என்பதைத்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது நானும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கிளப்புக்குத் தலைவர் என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி, தொலைபேசி இலாகாவில் கம்பம் கம்பமாக ஏறி இறங்கியே ஓய்வு பெற்றவர். செயலாளர் பேட்டரிக் கடை முகைதீன் பாய். எங்கள் மகன் எபனேசரும் ஒரு காலத்தில் கிளப்பில் இருந்தான், அப்பாவும் மகனும் ஒரே நாளில் போய்ப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார்கள், அதன் பிறகு அவன் கப்பலில் எலக்ட்ரீசியன் வேலைக்குப் போனான், போன இடத்திலிருந்து ஒரு நாள் போன் பண்ணி, மணிலாவில் ஒரு பிள்ளையைக் கட்டிக்கொண்டேன், நல்ல பிள்ளை, ஜெபம் பண்ணுகிற பிள்ளை என்றான். இவர் போனை என் கையிலிருந்து வாங்கி, "எனக்கு மருமவளும் இல்ல, மவனும் இல்ல. இந்த வாசல்ல காலை வைக்காத" என்று சொல்லி வைத்துவிட்டார். அதோடு அவன் நம்பர் மாறிப்போனது. வருஷம் ஒன்று போய் இன்னொன்றும் பாதி போய்விட்டது. எந்தக் கடலில் இருக்கிறான், சாப்பிட்டானா, இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல், எங்கே புயல் என்று செய்தியில் சொன்னாலும், அது ஜப்பானாக இருந்தாலும் சரி, நான் முழங்காலில் நின்றுவிடுவேன்.

விழாவில் முகைதீன் பாய்தான் என்னைக் கூப்பிட்டார். லைசென்ஸ் இல்லாதவர் பேசக்கூடாதுதான், ஆனாலும் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் நின்று மைக்கின் பொத்தானைத் தன் விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டால், விழாவுக்கு வந்தவர்கள் ஒரு வணக்கம் சொல்லலாம் என்று எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம்.

"தங்கபுஷ்பம் அக்கா, வணக்கம்னு சொல்லுங்க, கடைசில ஓவர்னு சொல்லுங்க. நான் விரலை எடுத்துருவேன். அதுக்குப் பெறவுதான் அந்தப் பக்கத்து ஆளு பேச முடியும். நாம அமுக்கிக்கிட்டே இருந்தா அவங்க பேசுதது நமக்குக் கேக்காது பாத்துக்கிடுங்க."

நான் வணக்கம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "ஏல எபி, அம்மா பேசுதேன் மக்கா, நீ எந்தக் கடல்ல இருந்தாலும் சரி, ஒரே ஒரு வார்த்தை—" என்பதற்குள், எபி என்ற பேரைக் கேட்ட இவர் எழுந்து வந்து, பேட்டரியிலிருந்து கம்பியைப் பிடுங்கிப் போட்டார்.

பேச்சு பாதியில் நிற்கும்போது கம்பியைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதுவரை யாரும் பிடுங்கினதில்லை.

வீட்டுக்கு வந்து, கோபம் எவ்வளவு இருந்தாலும் சோறு போடாமல் இருக்க முடியாதே என்று, "சாப்பிடுதீயளா?" என்று கேட்டேன். என் வாய் அசைந்தது. சத்தம் அடுத்த அறையில் மேசை மேல் இருந்த செட்டிலிருந்து வந்தது. இவர் எழுந்து போய், செட்டின் குமிழை அப்படியும் இப்படியும் திருப்பி, முள் ஆடுகிறதைப் பார்த்து, "நாப்பது மீட்டர் அலைவரிசையில நிக்கி. நல்லா சுத்தமாத்தான் கேக்கு" என்று சொல்லிவிட்டு வந்து இலையில் உட்கார்ந்தார்.

தொண்டை டாக்டரிடம் போனோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்து, "வீடு நல்லாருக்கும்மா, ஆளுதான் இல்ல" என்றார்.

ஊர் பழகிக்கொள்ள ரொம்ப நாள் ஆகவில்லை. முகைதீன் பாய் கடையில் ஷார்ட் வேவ் எடுக்கிற ரேடியோ அத்தனையும் விற்றுப்போய், மதுரையிலிருந்து மறுபடியும் வரவழைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னோடு பேசுவதற்கென்று கதவு நிலையில் ஒரு ரேடியோவை மாட்டிவைத்தார்கள். கோயிலில் நான் உட்காரும் பெஞ்சில் ஒரு ரேடியோவை வைத்து அதற்கு ஒரு கைக்குட்டையும் போர்த்தினார்கள். ஞானப்பாட்டு பாடினால் அது பாட்டுப் போட்ட குற்றத்தில் சேருமா சேராதா என்று கிளப் கூடி யோசித்து, வசனம் வாசிக்கலாம், ராகம் இழுக்கக்கூடாது என்று முடிவு சொன்னது, போதகர் ஐயாவும் சரி என்றார், அதற்குப் பிறகு எல்லாரும் பாடும்போது நான் மட்டும் அதே வரிகளைச் செய்தி வாசிப்பதுபோல வாசித்தேன்.

மீன் விற்க வருகிற சொர்ணம் கூடையில் நெத்திலிக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோவைச் செருகிக்கொண்டு வந்தாள். ஆனால் ஆகாயத்தில் விலை பேசுவது வியாபாரம் பேசுவது. அதனால் விலைக்கு மட்டும் விரலைக் காட்டுவேன். அவளும் விரலைக் காட்டுவாள்.

"என்ன மைனி, ஆண்டவர் குரலை எடுத்தாலும் எடுத்தாரு, பேரத்தை மட்டும் உங்ககிட்டயே விட்டுட்டாரே" என்பாள்.

எல்லாவற்றையும்விட இவர் பாடுதான் பெரிய பாடு. ஆகாயத்தில் ஒரு குரல் போகிறது என்றால் அது எந்த நிலையத்தின் குரல் என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அழைப்புக் குறி சொல்லியாக வேண்டும். எனக்குக் குறி கிடையாது. கம்பியைப் பிடுங்கினவர் என்ற முறையில் இவர்தான் பொறுப்பு என்று கிளப் சொல்லிவிட்டது. ஆகவே செட்டையும் பேட்டரியையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் தண்ணீர் பிடிக்கப் போனாலும் ரேஷன் கடைக்குப் போனாலும் பின்னாலேயே வந்து, நான் மூச்சு வாங்கும் சமயம் பார்த்துக் கிளப்பின் குறியைச் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் பின்னால் அவ்வளவு தூரம் நடந்ததில்லை. என் ஜெபத்தில் எபியின் பேர் வரும்போது மட்டும் பையைத் திறந்து சத்தத்தைக் குறைத்துவிடுவார், பேர் தாண்டியதும் கூட்டிவிடுவார்.

இதெல்லாம் பகலில்தான். பொழுது சாய்கிற நேரத்தில் என் குரல் மெல்ல மெல்ல இளைத்து, கடைசியில் கொதிக்கிற உலைச்சத்தம் மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் மிஞ்சி, ஊரில் உள்ள எந்த ரேடியோவிலும் நான் இருக்கமாட்டேன்.

"பகல்ல ஆகாயத்தோட கூரை தாழ்ந்து கெடக்கும்க்கா, குரல் அதுல தட்டிப் பக்கத்துலயே விழுந்துரும்" என்று முகைதீன் பாய் விளக்கினார். "பொழுது சாஞ்சா கூரை உசந்துரும். அப்போ குரல் நம்ம தலைக்கு மேல தாண்டிப் போயி, எங்கயோ தூரத்துல விழும். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. இல்லாமப் போகல, இங்க இல்ல, அவ்வளவுதான்."

அவர் சொன்னது சரி என்று சீக்கிரமே தெரிந்தது. மாலத்தீவுப் பக்கம் போன ஒரு விசைப்படகில், ஒரு பொம்பளை பால் பாத்திரத்தை மூடியாச்சா என்று கேட்டதைக் கேட்டார்களாம். ஜப்பானில் ஒரு பெரியவர் என் சாயங்கால ஜெபத்தைத் தினமும் கேட்டு, ஆமென் என்று நான் நிறுத்துகிற இடத்தில் தானும் தலை குனிகிறார் என்று கிளப்புக்குச் செய்தி வந்தது.

அது ஊரில் பரவியதும், சாயங்காலம் ஆனால் என் வாசலில் தாய்மார்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி மகன் தோஹாவில், ஒருத்தி மகள் மலேசியாவில், ஒருத்தி மகன் எல்லையில் பனிக்குள்ளே. "மைனி, பிரஷர் மாத்திரை போட்டானான்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க", "சித்தி, அவ மாசமா இருக்கா, பப்பாளி திங்கக்கூடாதுன்னு சொல்லிருங்க", "யக்கா, ஒண்ணும் சொல்லவேண்டாம், அவன் பேரை மட்டும் ஒரு தரம் கூப்பிட்டுருங்க." நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, சூரியன் பனைமரத்துக்குக் கீழே இறங்குகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், பிள்ளைகள் பேரையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு, எல்லாருடைய கவலையையும் என் கவலைபோலவே சொல்லி, கடைசியில் ஒரே ஒரு பேரை என் பங்காகச் சேர்ப்பேன். ஒரு தாய் தன் பயத்தை வெளியே சொன்னதும் அது குறையும் என்று நினைத்திருந்தோம். குறையவில்லை. பக்கத்து வீட்டுப் பயத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போனாள்.

லைசென்ஸ் இல்லாத குரல் ஒன்று ஆகாயத்தில் அலைகிறது என்று புகார் போய், கூரையில் வட்டக் கம்பி வைத்த ஒரு ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். கிளப்பே நடுங்கிப்போனது. அவர் என் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "பேசுங்கம்மா" என்றார். "சார், காப்பி குடிக்கீயளா?" என்றேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். என்ன எழுதினாரோ, எழுதி முடித்துவிட்டுப் போகும்போது, வாசலில் நின்று, "கனடா வரைக்கும் போகுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அங்கே அவர் மகள் இருந்தாள்.

அப்போதுதான் எங்கள் மகள் பெனிற்றா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை. என் குரல் மேலே போனது பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை, பையிலிருந்து ஒரு சின்ன ரேடியோவை எடுத்துத் தலையணைப் பக்கத்தில் வைத்து, "ஏதாவது பேசிக்கிட்டே இரும்மா, உறக்கம் வரட்டும்" என்றாள். ஆனால் அவள் கண்ணில் பயம் இருந்தது.

"எம்மா, எனக்கு வலி வரும்போது நீ பேசணும். ராத்திரி வலி வந்தா என்னம்மா செய்ய? உன் குரலு இங்க இருக்காதே."

"பகல்லதான் வரும்னு ஜெபம் பண்ணுதேன் மக்கா" என்றது தலையணைப் பக்கத்து ரேடியோ.

ஆனால் மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. முகைதீன் பாய் வானத்தைப் பார்த்து, சூரியனைப் பற்றி ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை, விளங்கினது இவ்வளவுதான்: வாரத்துக்கு வாரம் என் குரல் கொஞ்சம் முன்னாலேயே ஊரைவிட்டுக் கிளம்பியது. விளக்கு வைக்கிற நேரத்தில் போய்க்கொண்டிருந்தது, மாடு திரும்புகிற நேரத்தில் போக ஆரம்பித்தது, அப்புறம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கே போனது. இப்படியே போனால் ஒரு நாள் காலையிலும் வராது.

"ஓவர் சொல்லிப் பாருங்கக்கா" என்றார் முகைதீன் பாய். "பாதியில நிக்கிற பேச்சுதானே. அந்தப் பக்கத்துலேருந்து பதில் வந்தா இறங்கிரும்."

ஓவர் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே, "கேக்குதா மக்கா? சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்துவிடுவேன். இவர் பையோடு பின்னால் நின்று தரையைப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயிலுக்குப் போகிறதற்கு முன்னால், பல ஊர் ரேடியோக்காரர்கள் ஆகாயத்தில் ஒரே இடத்தில் கூடி ஒவ்வொருவராகப் பேர் கொடுத்துப் பேசுவார்கள். அந்தமானிலிருந்து பரிமளா டீச்சர் என்று ஒரு அம்மா வருவார், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அந்த ஞாயிறு அவர் தன் முறை வந்ததும், தயங்கித் தயங்கி, "நெடுவிளைத் தலைவர் பக்கத்துல அவங்க வீட்டம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

நான் அங்கேதான் நின்றேன்.

"ஒரு கப்பல்லேருந்து ஒரு தம்பி. தினமும் சாயங்காலம் அவங்க குரலைக் கேக்குறானாம். அதுவரைக்கும் என்கிட்டயும் பேசினதில்ல. போன மாசம் ரெண்டு நாள் அவங்க குரல் வரல பாருங்க, அப்பதான் முதல் தடவையா என்னைக் கூப்பிட்டு, 'ஏன் வரல, ஏன் வரல'ன்னு தவிச்சான்."

அந்த ரெண்டு நாள் எனக்குக் காய்ச்சல்.

"பதில் பேசேன் தம்பின்னு சொன்னேன். பேசினா அம்மா குரல் இறங்கிருமே டீச்சர், அப்புறம் எனக்கு எப்படிக் கேக்கும்ங்கிறான். பால் மூடியாச்சாங்கிறதுலேருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரைக்கும் எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கான். சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான். நானும் பிள்ளை பெத்தவ. ஓவர்."

எபிதான். இருக்கிறான். அவ்வளவு நாளும் நான் ஆண்டவரிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான், அது கிடைத்த மாத்திரத்தில் அடுத்ததைக் கேட்க மனசு முட்டியது. இவர் குனிந்து செட்டின் கம்பிகளைச் சரிபார்த்தார். அவை சரியாகத்தான் இருந்தன. அன்று மத்தியான ஜெபத்தில் எபியின் பேர் வந்தபோது அவர் பையைத் திறக்கவில்லை.

இனி விஷயம் எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்தது. நான் வாயை மூடினால் அவன் பேசுவான். அவன் பேசினால் என் குரல் இறங்கும், பெனியின் பிரசவத்துக்கு அது இந்த வீட்டில் இருக்கும். ஊரே எனக்குச் சொன்னது: பேசாதீங்க. சொர்ணம் வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு மீன் வெட்டினாள். போதகர் ஐயா எனக்காக மௌன ஜெபம் வைத்தார். தாய்மார்கள் வாசலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

நான் சேலை முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்தது. கடலில் எங்கேயோ ஒரு பிள்ளை குமிழைத் திருப்பித் திருப்பி அம்மாவைத் தேடுகிறான் என்ற நினைப்பு வந்தது. ரேடியோக்காரர்களில் ஒருவர் செத்துப்போனால் அதைச் செத்தார் என்று சொல்லமாட்டார்கள், அமைதியாகிவிட்டார் என்பார்கள். அவனுக்கும் அந்தப் பழக்கம் தெரியும். அவன் அப்படி நினைத்துவிட்டால்? அதை நினைத்தவுடன் முந்தானை தானாக வாயிலிருந்து விழுந்தது. "ஒண்ணுமில்ல மக்கா, அம்மா நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் தூக்கத்தில் உளறினேன் என்று பரிமளா டீச்சர் சொன்னார். பிள்ளையைப் பயமுறுத்திப் பேசவைக்க எனக்குத் திராணி இல்லை. ஊர் என்னை ஏசவில்லை. என் வாசலில் வந்து நின்ற தாய்மார்களில் யாராலும் அது முடிந்திருக்காது.

பெனிக்கு வலி ஒரு மத்தியானம் வந்தது. பகல்தானே என்று நான் ஸ்தோத்திரம் சொன்னேன். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் குரல் குறி இல்லாமல் போகக்கூடாதே என்று இவர் பையோடு வந்து, ஆஸ்பத்திரி வேப்பமரத்தில் கம்பியை எறிந்து கட்டி, வராந்தா பெஞ்சில் செட்டை வைத்து உட்கார்ந்தார். உள்ளே பெனியின் தலைமாட்டில் சின்ன ரேடியோ. டாக்டரம்மா நல்லவர், என்னைக் கூட நிற்க விட்டார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினேன், ரேடியோ அவள் காதில் பேசியது, வலி வந்து வந்து போனது, அவள் என் முகத்தைப் பார்க்காமல் ரேடியோவைப் பார்த்துக்கொண்டே தாங்கினாள்.

ஆனால் தலைப்பிரசவம் இழுத்தது. ஜன்னலில் வெயில் மஞ்சளானது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டில் கத்திக்கொண்டு போனார்கள். ரேடியோவில் என் குரல் இளைத்து, ஒரு சொல் கேட்டு, ஒரு சொல் கேட்காமல், கடைசியில் வெறும் இரைச்சலானது.

"எம்மா, போயிட்டியா?" என்றாள் பெனி, என் கையைப் பிடித்துக்கொண்டே.

"இந்தா நிக்கேன் மக்கா, இங்கதான் நிக்கேன்" என்று என் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினேன். அது இந்து மகா சமுத்திரம் முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு முழத்தில் கிடந்த என் பிள்ளைக்குக் கேட்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. மூச்சை இழு பெனி, நல்லா இழு, இந்தா தலை தெரியுது, தள்ளு மக்கா, இன்னும் ஒரு தரம், அவ்வளவுதான், கர்த்தாவே எம் பிள்ளையைப் பிடிச்சுக்கிடும், தள்ளு, தள்ளு, பெனி—

பிள்ளை வந்தது. அழவில்லை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. டாக்டரம்மா முகம் மாறியது, பிள்ளையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகைத் தேய்த்தார், நர்ஸ் ஓடினாள். நான் நிறுத்திவிட்டேன். நிறுத்தவேண்டும் என்று நிறுத்தவில்லை. சொல்லே வரவில்லை, எந்தக் கஷ்டத்திலும் நிற்காத ஜெபமும் நின்றுபோனது. உள்ளே தண்ணீர் சொட்டுகிற சத்தமும் ரேடியோ இரைச்சலும் மட்டும் இருந்தன. அந்தமானிலும் ஜப்பானிலும் மாலத்தீவிலும் கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் நான் அந்த இடத்தில்தான் நின்றேன்.

எவ்வளவு நேரமோ. பிள்ளை ஒரு தரம் இருமி, பிறகு வீறிட்டு அழுதது. பெனி கண்ணைத் திறந்து சிரித்தாள். டாக்டரம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போய்த் தாத்தாகிட்ட சொல்லுங்க" என்றார்.

வராந்தாவுக்கு ஓடினேன். இவர் எழுந்து நின்றார். நான் சொல்கிறேன், வாய் அசைகிறது, சத்தம் இல்லை, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, அவர் என் கண்ணீரை மட்டும் பார்க்கிறார். நான் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். அவருக்கு அது வேறு செய்தியாகப் பட்டது. கம்பத்தின் உச்சியில் பயமில்லாமல் நின்ற மனுஷன், சுவரைப் பிடித்து மெல்லச் சரிந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

அப்போது செட் இரைந்தது. குறி இல்லை, முறை இல்லை, ஒரு ஆள் குரல், உடைந்து, கடல் இரைச்சலோடு:

"யம்மா… யம்மா, ஏன் நிறுத்திட்ட? பெனிக்கு என்னாச்சும்மா? யாராவது இருக்கியளா? யப்பா… யப்பா, கேக்குதா? யாராவது சொல்லுங்களேன்…"

என் தொண்டையில் சுடுதண்ணீர் இறங்குவதுபோல ஏதோ இறங்கியது.

"பொம்பளப் பிள்ள" என்றேன்.

வராந்தாக் கோடியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாள். இவர் செட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. கொடி சுத்திக்கெடந்து கொஞ்சம் பயங்காட்டிட்டு. பிள்ளைக்கு உங்க மூக்கு."

இவர் மைக்கை எடுத்தார். "எபி" என்றார். அந்தப் பக்கம் கடல் மட்டும் இரைந்துகொண்டிருக்க, நான் மைக்குக்காகக் கை நீட்டாமல் நின்றேன்.

ஒருவர் சொன்ன செய்தியை இன்னொருவருக்குக் கடத்தும்போது ஒரு சொல் கூட்டவும் கூடாது, ஒரு சொல் குறைக்கவும் கூடாது என்பது அவர்கள் ஒழுங்கு. அவர் பொத்தானை அமுக்கி, நிதானமாகச் சொன்னார்:

"அம்மா சொல்லுதா. பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. கொடி சுத்திக்கெடந்து கொஞ்சம் பயங்காட்டிட்டு. பிள்ளைக்கு என் மூக்கு. எம் மருமவகிட்டயும் சொல்லிருன்னு சொல்லுதா."

கடைசியில் உள்ளதை நான் சொல்லவில்லை.